நட்சத்திரம் ஏன் தாராவிக்குக் கடைசியில் வருகிறது?

மும்பையின் தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் தொங்கும் மின்விசிறி ஒரு நாளைக்கு இருபது மணி நேரமாவது ஓடும். அறைக்கு வாசல் ஒன்றுதான். ஜன்னல் இருந்தாலும் அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கும். பகலில் அதே அறையில் அப்பளம் இடுவார்கள், துணிக்குப் பித்தான் தைப்பார்கள். மாலையில் பிள்ளைகள் படிப்பார்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் காலையில் படுப்பார். விசிறிக்கு ஓய்வே கிடையாது. பழைய விசிறி என்றால் சுமார் 75 வாட். இருபது மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். மாதத்துக்கு 45 யூனிட். மும்பையில் வீட்டு மின்கட்டணத்தின் மலிவான முதல் படி 100 யூனிட்டோடு முடிந்துவிடுகிறது. அதில் கிட்டத்தட்டப் பாதியை ஒற்றை விசிறியே தின்றுவிடுகிறது.

அதே காற்றை 30 வாட்டில் தருகிற விசிறி இன்று கடையில் கிடைக்கிறது. பி.எல்.டி.சி. (தூரிகையில்லா நேர்மின்) மோட்டார் பொருத்திய ஐந்து நட்சத்திர விசிறி அது. அதை மாட்டினால் மாதச் செலவு 18 யூனிட். மிச்சம் 27 யூனிட். ஆண்டுக்கு 324 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,620 ரூபாய் மிஞ்சும். இரண்டு விசிறிகளுக்கும் விலை வித்தியாசம் சுமார் 1,200 முதல் 1,500 ரூபாய். ஓராண்டுக்குள் போட்ட காசு திரும்பிவிடும். அதன் பிறகு விசிறி ஓடுகிற ஒவ்வோர் ஆண்டும் லாபம்தான்.

இந்தக் கணக்கை மும்பையிலேயே வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவின் ஒரு குடியிருப்பில் போட்டுப் பார்த்தால் விடை வேறு. அங்கே படுக்கையறை விசிறி இரவில் எட்டு மணி நேரம் ஓடும். பகலில் அந்த அறை காலி. அதே விசிறி, அதே விலை. ஆனால் போட்ட காசைத் திரும்ப எடுக்க இரண்டரை மடங்கு காலம் ஆகும். அப்படியென்றால் சிக்கனமான விசிறி முதலில் போய்ச் சேர வேண்டியது தாராவிக்கு. நடப்பதோ தலைகீழ். புது விசிறி மாட்டுங்காவுக்கும் அதைப் போன்ற செம்பூருக்கும் போகிறது. அங்கிருந்து கழற்றிய பழைய விசிறியும் பழைய ஃப்ரிட்ஜும் கைமாறிக் கைமாறித் தாராவிக்கு வருகின்றன.

மின்சாதனங்களுக்கான சிக்கனத் தரங்கள் குறித்து நம் நாட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் தேசியச் சராசரிகளோடு நின்றுவிடுகிறது. எத்தனை கோடி யூனிட் மிச்சம், எத்தனை லட்சம் டன் கரியமிலம் குறைந்தது என்பவை அவசியமான கேள்விகளே. ஆனால் தரம் யாருக்குப் பயன்பட்டது, யாரை எட்டவில்லை என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு சாதனத்துக்குத் தரம் வகுக்கும்போது அதன் ஆயுட்காலச் செலவைக் கணக்கிடுகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் முதியோர் வாழும் வீடுகளுக்கும் அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கிறது. தாராவிக்கென்று ஒரு தனிக் கணக்கு நமக்கும் வேண்டும்.

தரங்களால் பலன் உண்டா என்ற சந்தேகமே வேண்டாம். எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2001இல் வந்தது. எரிசக்தித் திறன் பணியகம் 2002இல் அமைந்தது. நட்சத்திர முத்திரைத் திட்டம் 2006 மே மாதம் தொடங்கியது. முதலில் விரும்பிய நிறுவனங்கள் மட்டும் ஒட்டிக்கொண்ட முத்திரை அது. 2010இல் ஏ.சி., உறைபனி படியாத ஃப்ரிட்ஜ், குழல் விளக்கு, மின்மாற்றி ஆகியவற்றுக்குக் கட்டாயமானது. இந்தத் திட்டத்தின் உயிர் இருப்பது நட்சத்திரத்தில் அல்ல, அந்த நட்சத்திரத்துக்கான அளவுகோல் அவ்வப்போது உயர்வதில். 2018இல் ஸ்பிளிட் ஏ.சி. ஒன்று ஐந்து நட்சத்திரம் பெறப் பருவகாலத் திறன் அளவு 4.5 இருந்தால் போதும். 2022 ஜூலையில் அது 5 ஆக உயர்ந்தது. முந்தின மாதம் வரை ஐந்து நட்சத்திரத்தோடு விற்ற இயந்திரம் மறுமாதம் நான்குக்கு இறங்கியது. அடிமட்ட அளவும் 3.1இலிருந்து 3.3க்கு ஏறியது, அதற்குக் கீழே இருந்ததை விற்கவே கூடாது என்றானது. வாங்குபவர் எதுவும் படிக்காமல், எதுவும் கேட்காமல் கடைக்குப் போனாலும் மிக மோசமான இயந்திரம் அவர் தலையில் கட்டப்படாது என்பதற்கு இந்த அடிமட்டம்தான் காவல்.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குடும்பத்தின் ஃப்ரிட்ஜ் ஆண்டுக்குச் சராசரியாக 1,800 யூனிட் வரை இழுத்தது. கலிஃபோர்னியா மாநிலம் அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் தரம் விதித்தது. 1987இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. இன்று அங்கே விற்கும் ஃப்ரிட்ஜ் அளவில் பெரிது, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலையில் குறைவு, மின்செலவோ 500 யூனிட்டை ஒட்டித்தான். தரம் விதித்தால் விலை எகிறும், ஏழைக்கு எட்டாமல் போகும் என்று ஒவ்வொரு முறையும் உற்பத்தியாளர்கள் சொல்லிவந்தார்கள். நடந்தது வேறு.

நம் ஊரில் இதைவிட நெருக்கமான சான்று எல்.இ.டி. பல்பு. 2014இல் புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு பழைய குண்டு பல்பை வாங்கிக்கொண்டு, 10 ரூபாய்க்கு ஒரு எல்.இ.டி. பல்பைக் கொடுத்தது இ.இ.எஸ்.எல். என்ற பொதுத் துறை நிறுவனம். அப்போது அதன் கொள்முதல் விலை பல்பு ஒன்றுக்கு 310 ரூபாய். பின்னர் உஜாலா என்று பெயர் பெற்ற இந்தத் திட்டம் 2015 ஜனவரியில் நாடு முழுவதும் விரிந்தது. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதால் 2016இல் கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. மொத்தம் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் கொடுக்கப்பட்டன. பல மாநிலங்களில் பல்பின் விலையை மின்கட்டணத்தோடு மாதம் பத்துப் பத்து ரூபாயாகக் கட்ட முடிந்தது. இன்று தாராவியின் எந்தச் சந்துக்குள் போனாலும் எரிவது எல்.இ.டி. விளக்குதான். ஏழைகள் புதுத் தொழில்நுட்பத்தை ஏற்கத் தயங்குவார்கள் என்பது கட்டுக்கதை. கைக்கு எட்டும் விலையும் தவணையும் இருந்தால் அவர்கள்தான் முதலில் வாங்குவார்கள். மிச்சமாகும் பத்து ரூபாயின் மதிப்பு அவர்களுக்குத்தான் தெரியும்.

பல்புக்கு நடந்தது விசிறிக்கு நடக்கவில்லை. கூரை விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானதே 2023 ஜனவரியில்தான். அதாவது, முத்திரைத் திட்டம் தொடங்கிப் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. நடுத்தர வர்க்கம் வாங்கும் ஏ.சி.க்கு 2010இல் வந்த காவல், நாட்டின் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சுழலும் விசிறிக்கு வர இவ்வளவு காலம் ஆனது. இது தொழில்நுட்பம் இல்லாததால் வந்த தாமதமும் அல்ல. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த மனோஜ் மீனாவும் சிபபிரதா தாஸும் 2012இல் இதே ஊரில் தொடங்கிய ஆட்டம்பெர்க் நிறுவனம் 2015இலேயே பி.எல்.டி.சி. விசிறியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. பவாயில் உள்ள அந்த ஐ.ஐ.டி.யில் படித்தவர்களின் கண்டுபிடிப்பு அதே நகரத்தின் தாராவிக்குள் நுழைய முடியாமல் இருப்பதற்குக் காரணம் விலை மட்டும் அல்ல.

முதல் காரணம், பில் கட்டுபவர் ஒருவர், சாதனம் வாங்குபவர் இன்னொருவர். தாராவியில் கீழே ஒரு அறை, மேலே ஏணி வைத்து ஏறும் மாளா, அதற்கும் மேலே ஒன்று எனக் குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழ்கின்றன. மேலே இருப்பவர்களில் பலருக்குத் தம் பெயரில் மீட்டர் கிடையாது. வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டருக்கு, அவர் சொல்லும் விலையில் யூனிட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். விசிறி வீட்டுக்காரருடையது, அதை மாற்றினால் மிச்சம் குடித்தனக்காரருக்கு. பிறகு வீட்டுக்காரர் ஏன் மாற்றுவார்? பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் குடித்தனக்காரர் ஏன் வாங்கி மாட்டுவார்? முன்பணம் கொடுத்துக் காலவரையின்றி வாடகைக்கு இருக்கும் ‘பகடி’ முறையிலான மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. ஆனால் அங்கே வாடகைக்கு இருப்பவர் தலைமுறை தலைமுறையாக இருப்பவர், தானே வாங்கி மாட்டிக்கொள்ள வசதியும் உள்ளவர்.

இரண்டாவது காரணம் பழுதுபார்ப்பு. சாதாரண விசிறி நின்றுபோனால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். சில பத்து ரூபாயில் மாற்றிவிடலாம். காயில் எரிந்தாலும் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. பி.எல்.டி.சி. விசிறிக்குள் இருப்பது மின்னணு அட்டை. அது போனால் கம்பெனி சர்வீசுக்குத்தான் போக வேண்டும்; உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் அட்டையின் விலை கையைக் கடிக்கும். நுகர்வோருக்குப் பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு வலைதளம் திறந்தது நல்ல தொடக்கம். ஆனால் விசிறி அட்டை உதிரியாகக் கிடைக்க வேண்டும், அதை மாற்றத் தெருக்கடைக்காரருக்குப் பயிற்சி வேண்டும். தாராவியைப் போலக் கைத்திறன் குவிந்து கிடக்கும் இடத்தில் இது கடினமான வேலையே அல்ல.

மூன்றாவது, பழைய பொருளின் சந்தை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த ஃப்ரிட்ஜ் உடைபடுவதில்லை. வண்ணம் பூசி மறுபடி விற்பனைக்கு வருகிறது. அதில் நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் அது பத்தாண்டுக்கு முந்திய நட்சத்திரம். இன்றைய அளவுகோலில் அது விற்பனைக்கே தகுதி பெறாமல் போகலாம். புதுப் பொருளுக்கு மட்டும் தரம் விதித்து, பழையதை எடுத்து உடைக்க வழி செய்யாவிட்டால் நாட்டின் மின்விரயம் வசதியுள்ள வீட்டிலிருந்து வசதியற்ற வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். புதுச்சேரியில் குண்டு பல்பைக் கையில் வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுத்தார்கள் என்பது இங்கே நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

வீட்டு விசிறியோடு கதை முடியவில்லை. தாராவி குடியிருப்பு மட்டுமல்ல, மும்பையின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று. தமிழ்க் குடும்பங்கள் இரவில் மாவரைத்து, விடியலுக்குள் அவித்து, நகரமெங்கும் சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் இட்லிக்குப் பின்னால் பெரிய கிரைண்டர் மோட்டார்கள் ஓடுகின்றன. தையல் கூடங்களில் பழைய கிளட்ச் மோட்டார் பொருத்திய இயந்திரங்கள், தைக்கும்போதும் தைக்காதபோதும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. மிதித்தால் மட்டும் ஓடும் சர்வோ மோட்டாருக்கு மாறினால் மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கும். மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 12615 என்ற தரமும் குறைந்தபட்சத் திறன் கட்டுப்பாடும் உண்டு; அதனால் பயன்பெறுவது ஆலைகள். சந்துக்குள் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் அந்தத் தரத்துக்குள் வராது. அது எரிந்தால் காயில் கட்டி, மறுபடி எரிந்தால் மறுபடி கட்டி ஓட்டுகிறார்கள். சரியாகக் கட்டாத ஒவ்வொரு முறையும் அதன் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

வாட்டைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது; மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. இந்தியச் சமையலுக்கென்றே உருவான சுமீத் மிக்ஸி 1960களில் இந்த மும்பையில்தான் பிறந்தது. மாட்டுங்கா சமையலறைகளின் வேலையையே அது மாற்றியது. 750 வாட் மிக்ஸி தினம் பத்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குதான் செலவு. 75 வாட் விசிறி இருபது மணி நேரம் ஓடினால் அதைப் போல் பன்னிரண்டு மடங்கு. எந்தச் சாதனத்துக்கு முதலில் தரத்தை இறுக்குவது என்று முடிவெடுக்கும் அதிகாரிகள் முன்னால் இந்த எளிய பெருக்கல் எப்போதும் இருக்க வேண்டும்.

சிக்கனமான சாதனம் வந்தால் மக்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தி மிச்சத்தைத் தொலைத்துவிடுவார்கள் என்ற வாதம் 1865இல் ஜெவன்ஸ் நிலக்கரி குறித்து எழுதிய காலத்திலிருந்து வருகிறது. ஏ.சி. விஷயத்தில் அதில் உண்மை உண்டு. ஐந்து நட்சத்திரம்தானே என்று 18 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் 2020 ஜனவரி முதல் எல்லா ஏ.சி.யும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது பணியகத்தின் கணக்கு. ஆனால் தாராவியில் ஒரு குடும்பம் மிச்சமான காசில் இரண்டாவது விசிறி மாட்டினால் அதைத் திட்டத்தின் தோல்வி என்று எழுதக் கூடாது. புழுக்கத்தில் தூங்காத குழந்தை தூங்குகிறது என்றால் அதுவும் தரத்தால் வந்த பலன்தான். அதற்கும் கணக்கில் இடம் வேண்டும்.

செம்பூர்வாசிகளுக்கு இந்த விஷயத்தில் வேறொரு பங்கு இருக்கிறது. மும்பைக்கு மின்சாரம் தரும் டாடாவின் டிராம்பே அனல் மின்நிலையம் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில், மாகுலில் நிற்கிறது. 1956இலிருந்து அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. நகரத்தின் உச்சகட்ட மின்தேவை 2024 மே மாதத்தில் 4,000 மெகாவாட்டைத் தாண்டியது. தேவை ஏறிக்கொண்டே போனால் நகரத்துக்குள் இருக்கும் நிலக்கரி அலகை மூடும் நாளும் தள்ளிக்கொண்டே போகும். 2020 அக்டோபர் 12 அன்று வெளியிலிருந்து வரும் மின்தடங்கள் செயலிழந்து மும்பை முழுவதும் இருண்டு, புறநகர் ரயில்கள் நடுவழியில் நின்றதும், உள்ளூர் உற்பத்தியை விட முடியாது என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தது. தாராவி உள்ளிட்ட தீவு நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் பெஸ்ட் நிறுவனத்துக்கு மட்டும் சுமார் 10 லட்சம் மின் நுகர்வோர். அவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விசிறி மாறினாலே 45 மெகாவாட் தேவை குறையும். தாராவியில் மாறும் விசிறிக்கும் மாகுல் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்கும் நேரான தொடர்பு உண்டு.

இப்போது இதைச் சொல்ல ஓர் அவசரக் காரணம் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நகரத் தொடங்கிவிட்டது. 2000 ஜனவரிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்களில் தகுதி பெறுவோருக்குத் தாராவிக்கு வெளியே வீடு என்பது அறிவிக்கப்பட்ட ஏற்பாடு. அடுக்குமாடிக்குப் போனால் மின்செலவு என்னவாகும் என்பதற்கு மும்பையிலேயே ஆய்வு இருக்கிறது. ரமித் தேவ்நாத், ரோனிதா பர்தன், மின்னா சுனிக்கா-பிளாங்க் ஆகியோர் இங்குள்ள குடிசை மறுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரைகளின்படி, புதிய வீட்டுக்குப் போன பிறகு சாதனங்களும் மின்செலவும் ஏறுகின்றன. வருமானம் உயர்ந்ததால் வந்த ஏற்றம் அல்ல இது. வீட்டின் வடிவமைப்பு தரும் அசௌகரியம் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. பகலிலும் விளக்கு, நாள் முழுக்க விசிறி. செம்பூரை அடுத்த கோவண்டி, மான்குர்ட் பகுதியின் நட்வர் பாரேக், லல்லுபாய் வளாகங்களில் கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் இடைவெளிதான். வெளிச்சமும் காற்றும் வராத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என்று ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பும் ஐ.ஐ.டி.யினரும் நடத்திய ஆய்வு 2018இல் சொன்னது. அந்தக் கட்டடங்களில் ஐந்து நட்சத்திர விசிறியை மாட்டினாலும் அது உள்ளே இருக்கும் வெக்கையைத்தான் சுழற்றும்.

எனவே தாராவியில் கட்டப்படும் வீட்டுக்கும் தரம் வேண்டும், அதற்குள் மாட்டப்படும் சாதனத்துக்கும் தரம் வேண்டும். வீட்டுக்கான விதி ஏற்கெனவே எழுதப்பட்டுத் தயாராக இருக்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, மும்பை போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 350 சதுர அடி வீட்டுக்கு அது 58 சதுர அடி. மாநிலம் ஏற்றால்தான் அது கட்டாயமாகும் என்பதால், மகாராஷ்டிர அரசு தாராவித் திட்டத்துக்காவது அதை உடனே ஏற்க வேண்டும். கைமாற்றும் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நட்சத்திர விசிறிகளும் எல்.இ.டி. விளக்குகளும் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே பொருத்தித் தரப்பட வேண்டும். இத்தனை ஆயிரம் வீடுகளுக்கு மொத்தமாக வாங்கினால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்கு 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு வந்த பல்பே சாட்சி.

மறுசீரமைப்பு முடிய ஆண்டுகள் பல ஆகும். அதுவரை இன்றைய சந்துகளில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கோடி விசிறிகளை இலக்காக வைத்து இ.இ.எஸ்.எல். 2023இல் அறிவித்த திட்டத்தைப் பெஸ்ட் நிறுவனம் தாராவிக்குக் கொண்டுவரலாம். பழைய விசிறியை வாங்கி உடைக்கட்டும். புதியதன் விலையைப் பன்னிரண்டு மாதத் தவணையாகப் பில்லில் சேர்க்கட்டும். தன் பெயரில் மீட்டர் இல்லாத மாளாக் குடும்பத்துக்கும் அது கிடைக்க வழி செய்யட்டும். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின்தேவை மேலாண்மைக்கென்று 2010லேயே விதிகள் வகுத்திருக்கிறது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் சபாக்களும் தாராவிச் சங்கங்களோடு சேர்ந்து ஆணையத்தின் பொது விசாரணைகளில் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும். கட்டண மனு விசாரணைக்கு வரும்போது ஆட்சேபமும் ஆலோசனையும் தெரிவிக்கும் உரிமை ஒவ்வொரு நுகர்வோருக்கும் உண்டு.